புத்தகத்தில் யார் பெயர்?

(அப்புத்தளையில் நடந்த எமது சங்கக் குடும்பக் கூட்டத்தில், கல்முனைப் பக்கத்திலிருந்து வந்த ஓட்டோச் சாரதிகள் ஆற்றிய உரை.)

 

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு நாங்கள் கல்முனையில் வேன் ஏறினோம். அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, கொஸ்லாந்தை என்று வந்து பெரகலைச் சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடித்தபோது எங்களில் ஒருவர் கிலோமீட்டர் கல்லைக் காட்டினார். ஏ4. எங்கள் ஊருக்கு நடுவால் போகிற வீதியும் உங்கள் பெரகலையைத் தொட்டுப் போகிற வீதியும் ஒன்றுதான். கொழும்பிலிருந்து புறப்பட்டு இரத்தினபுரி, பெரகலை, பொத்துவில், கல்முனை என்று சுற்றி மட்டக்களப்பில் முடிகிற வீதி. லீசிங் கம்பனிக்காரரும் அதே வீதியில்தான் இரண்டு பக்கமும் வந்து போகிறார்கள். அதனால்தான் உங்கள் சங்கம் கூப்பிட்டதும் வந்தோம்.

நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் ஓட்டோ ஓட்டுகிறவர்கள். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒருவருடைய வண்டியை லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போனால் மற்றவர்கள் அவரோடு கிளைக்குப் போவோம், கடிதம் எழுதிக்கொடுப்போம், பொலிசில் நிற்போம். அப்படி நின்று நின்று படித்ததைத்தான் சொல்கிறோம். பிழை விட்டுப் படித்தவைதான் அதிகம்.

உங்கள் பிள்ளைகள் இப்போது மலையை விட்டு டவுனுக்கு இறங்குகிறார்கள். கொழும்புக் கடைக்குப் போக விருப்பமில்லாதவர் முதலில் நினைப்பது ஓட்டோ. அப்பா ஈ.பி.எஃப். காசில் கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார், அம்மா தோட்டை அடகு வைப்பார், மிச்சம் லீசிங். எங்கள் ஊரிலும் இதேதான். கடலுக்குப் போகாத, வயல் இல்லாத, அரசாங்க வேலை கிடைக்காத பொடியனுக்கு ஓட்டோ. லீசிங் இல்லாவிட்டால் எங்களில் ஒருவர்கூட வண்டி கண்டிருக்க மாட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடன் தருகிறவனைத் திட்டுவதற்கு நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. வண்டியின் புத்தகத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தோம்.

புத்தகம் என்று நாங்கள் சொல்வது சீ.ஆர். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் தருகிற பதிவுச் சான்றிதழ். முன்பு உண்மையிலேயே சின்னப் புத்தகமாக இருந்தது. இப்போது ஒரு தாள், ஆனாலும் பெயர் புத்தகம்தான். வண்டி இலக்கம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு இரண்டு உரிமையாளருக்கு இடம் இருக்கும். ஒருவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். மற்றவரை ஆங்கிலத்தில் ‘அப்சலூட் ஓனர்’ என்பார்கள், அதாவது முழு உரிமையாளர். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உள்ள ஏற்பாடு இது. லீசிங் எடுத்தால் முதல் இடத்தில் உங்கள் பெயர் வரும், இரண்டாவது இடத்தில் கம்பனியின் பெயர் வரும்.

முதலாவது பெயரைப் பார்த்துவிட்டு ‘வண்டி என் பெயரில்தான்’ என்று சந்தோஷப்படாதவர் யார்? பூ மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, உங்கள் கோவிலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பீர்கள். நாங்கள் பள்ளிவாசலில் துஆ ஓதிவிட்டுக் கடற்கரைக்கு ஒரு ஓட்டம் ஓட்டுவோம். முதல் இடத்தில் இருக்கிற பெயருக்கு வரி, தண்டப்பணம், விபத்து வழக்கு எல்லாம் வரும். விற்கிற அதிகாரம் இரண்டாவது இடத்தில் இருக்கிற பெயரிடம் இருக்கும். அந்த இடம் வெறுமையாகும் வரைக்கும் அவருடைய கையெழுத்து இல்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அசல் புத்தகமும் அவரிடம்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது போட்டோக் கொப்பி. பெரும்பாலும் இரண்டாவது சாவியும் அவரிடம்தான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. லீசிங் வேறு, வாகனத்தை ஈடு வைத்து எடுக்கிற கடன் வேறு. லீசிங் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அதன்படி வண்டியை வாங்கியவர் கம்பனி. நீங்கள் மாதம் மாதம் கட்டுவது வாடகை மாதிரி ஒன்று. கடன் என்றால் வண்டி உங்களுடையது, அதன்மேல் கடன்காரருக்கு ஒரு பிடி. ஆனால் இரண்டிலும் புத்தகத்தில் கம்பனியின் பெயர் வரும். புத்தகத்தை மட்டும் பார்த்து இது எது என்று முடிவு செய்யாமல், ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் பல வேளை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில். எங்கள் ஊரில் ஒருவர் பதினொரு இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, ‘காக்கா, என்ன எழுதியிருக்கு’ என்று எங்களிடம் கேட்டார். வைப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

முஸ்லிம் ஊர்களில் இன்னொரு கதையும் உண்டு. வட்டி ஹராம் என்று நினைக்கிறவர்கள் ‘இஜாரா’ என்ற முறையில் வண்டி எடுக்கிறார்கள். 2011 இல் அமானா வங்கி முழு வங்கியாக வந்தது. வேறு கம்பனிகளும் அதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. இஜாராவில் கம்பனி உண்மையிலேயே வண்டியின் சொந்தக்காரன், நாம் குத்தகைக்காரன். தவணை பிந்தினால் வாங்குகிற தண்டப்பணம் கம்பனியின் இலாபத்தில் சேரக்கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும் என்பது ஷரீஆ விதி. நல்லதுதான். ஆனால் புத்தகத்தில் அதே இரண்டாவது இடம், அதே முழு உரிமையாளர். ‘இது இஸ்லாமிய முறை, தூக்க மாட்டார்கள்’ என்று எங்கள் பொடியன்மார் சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டாவிட்டால் அங்கேயும் தூக்குவார்கள்.

இனி நாங்கள் பட்ட அடிக்கு வருகிறோம். ‘ஓப்பன் பேப்பர்’.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். விற்கிறவர் உரிமை மாற்றப் படிவத்தில் திகதி போடாமல், வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுப்பார். அடையாள அட்டைக் கொப்பி ஒன்றும் தருவார். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டுவார், பிறகு அதே தாளோடு இன்னொருவருக்கு விற்பார். சட்டப்படி வண்டி கைமாறி 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். யார் அறிவிக்கிறார்கள்? நாரஹேன்பிட்டிக்குப் போய்வருவதற்கு ஒரு நாள் வேலை போகும், செலவு போகும். அதனால் விட்டுவிடுகிறோம்.

புத்தகத்தில் இரண்டாவது பெயர் இல்லாத வண்டி என்றால் இது பாதி ஆபத்து. லீசிங் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இப்படி வாங்குவதுதான் முழு ஆபத்து. சாய்ந்தமருதில் எங்கள் தம்பி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் பெயர் வேண்டாம். உம்மாவின் காப்பையும் சங்கிலியையும் விற்று, வெளிநாட்டில் இருந்த மச்சான் அனுப்பியதையும் சேர்த்து, ஒருவரிடம் ஓட்டோ எடுத்தார். விற்றவர் சொன்னார்: ‘லீசிங் இன்னும் இருபது மாதம் இருக்கு. நீ எனக்கு ஒரு தொகை தா, மாதத் தவணையை என் பெயரில் நீ கட்டிக்கொண்டு போ. முடிந்ததும் புத்தகத்தை எடுத்துத் தாறன்.’ முத்திரை ஒட்டிய தாளில் எழுதி, இரண்டு சாட்சியும் வைத்தார்கள். தம்பி ஒழுங்காகத் தவணைக் காசைக் கொண்டுபோய் விற்றவரிடமே கொடுத்தார். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை, சொந்தக்காரர் என்ற மரியாதை. பதினான்காவது மாதம் காரைதீவுச் சந்தியில் நாலு பேர் வந்து மறித்தார்கள். விற்றவர் ஆறு மாதமாகக் கம்பனிக்கு ஒரு சதமும் கட்டவில்லை.

நாங்கள் கிளைக்குப் போனோம். முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘இந்த வண்டிக்கு எங்களோடு ஒப்பந்தம் செய்தவர் வேறொருவர். உங்கள் தம்பியை எங்களுக்குத் தெரியாது.’ முத்திரைத் தாளைக் காட்டினோம். ‘எங்களுடைய சொத்தை எங்களைக் கேட்காமல் விற்க அவருக்கு உரிமையில்லை, அதனால் வாங்கவும் உங்களுக்கு உரிமையில்லை’ என்றார். கோபம் வந்தது, ஆனால் மறுத்துப் பேச எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. புத்தகத்தில் தம்பியின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. முதல் இடத்திலும் இல்லை, இரண்டாம் இடத்திலும் இல்லை. விற்றவர் மீது வழக்குப் போடலாம். அவர் அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டார். அந்த உம்மா இன்றைக்கும் எங்களைக் கண்டால் கேட்பது, ‘மகன், அந்த வண்டி எங்கே நிற்குது?’ என்றுதான். ஏலத்தில் போய்விட்டது என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை.

இப்படி வாங்கத் தூண்டியதில் ஆசைக்கு மட்டும் பங்கு இல்லை. 2017 ஆம் ஆண்டு தொடக்கத்தில் மத்திய வங்கி ஓட்டோவுக்கு அதன் பெறுமதியில் 25 சதவீதம்தான் லீசிங் கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. நூறு ரூபா வண்டிக்கு எழுபத்தைந்து ரூபா கையில் வேண்டும். கூலிக்காரனிடம் ஏது? பிறகு 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றது. மீண்டும் முழுதாகத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்தக் காலத்தில் பழைய வண்டியின் விலை நன்றாக ஏறியது. லீசிங் பாதி கட்டின வண்டியை விற்றாலும் இலாபம் என்ற நிலை. விற்கிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்கும் அவசரம். இந்தச் சந்தில் ஓப்பன் பேப்பர் நன்றாக வளர்ந்தது.

விற்றவர் தப்பிவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். முதல் இடத்தில் உங்கள் பெயரை வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்தால், வாங்கியவர் ஆளை அடித்துப்போட்டாலும் பொலிஸ் முதலில் தேடுவது உங்களைத்தான். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்ததே, அன்றைக்கு எங்கள் ஊரில் பலருக்குக் கண் திறந்தது. வண்டி இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை மூன்றையும் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஓட்டோவுக்கு ஆரம்பத்தில் கிழமைக்கு 5 லீற்றர். யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் தன் பெயரில் ஏற்கனவே பதிந்துவிட்டால், வண்டி வைத்திருக்கிறவர் வெறும் தாங்கியோடு நிற்க வேண்டியதுதான். நாலு கை மாறிய வண்டியின் முதல் சொந்தக்காரரைத் தேடி அட்டாளைச்சேனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று கடன் வாங்கிய சைக்கிளில் அலைந்தோம். ஐந்து லீற்றர் பெற்றோலுக்காக அலைந்த அந்தக் கிழமைதான், பெயர் மாற்றுவது எவ்வளவு மலிவு என்று எங்களுக்கு விளங்கியது.

இதைவிடக் கெட்டது ஒன்று. லீசிங் கட்டி முடித்து, அசல் புத்தகம் கையில் வந்த பிறகு, அவசரத்துக்கு அதையே ஒரு தனியாளிடம் கொடுத்துக் காசு வாங்குவது. பிள்ளைக்கு வருத்தம், கலியாணம் என்று எதற்காகவோ. அவர் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு, திகதியில்லாத உரிமை மாற்றப் படிவத்திலும் கையெழுத்து வாங்குவார். திணைக்களத்தில் ஒரு பதிவும் இருக்காது. கம்பனி என்றால் புத்தகத்தில் பெயர் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நிற்கிறது. இவர் இருட்டில் நிற்கிறார், நினைத்த நாளில் திகதி போட்டுத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம். காசு வேண்டுமென்றால் நகையை வங்கியில் அடகு வையுங்கள், புத்தகத்தை வைக்காதீர்கள்.

தவணைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். ஏனென்றால் இரண்டாவது பெயர் எப்போது நீங்கும் என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஐந்து இலட்சம் எடுக்கிறீர்கள், நாலு வருடம், ‘பதினைந்து வீதம்தான் தம்பி’ என்கிறார் ஏஜண்ட். அவர் கணக்கு இப்படி: வருடத்துக்கு 75,000, நாலு வருடத்துக்கு 3 இலட்சம் வட்டி. மொத்தம் 8 இலட்சம், 48 ஆல் பிரித்தால் மாதம் 16,667 ரூபா. ஆனால் நீங்கள் முதலை மாதம் மாதம் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி வருடத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரு இலட்சத்துச் சொச்சக் கடன், அப்போதும் ஐந்து இலட்சத்துக்கு வட்டி கட்டுகிறீர்கள். குறைகிற முதலுக்குக் கணக்குப் பார்த்தால் இந்தப் பதினைந்து வீதம் வருடத்துக்கு 25 வீதத்துக்கு மேல் போகும். 2024 செப்டெம்பரில் உங்கள் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் ஒரு தவணை. ஆகவே ஏஜண்டிடம் வீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று கேட்டு, அந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

2020 இல் கொரோனா வந்தபோது ஓட்டோத் தவணைகளுக்கு ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் தள்ளியதுதான், தள்ளுபடி அல்ல. எங்களில் பலர் 48 பற்றுச்சீட்டை எண்ணி முடித்துவிட்டுப் புத்தகம் கேட்டுப் போனார்கள், ‘இன்னும் இருக்கு’ என்ற பதில் வந்தது. தள்ளிய மாதங்களின் வட்டி கணக்கில் ஏறியிருந்தது. பற்றுச்சீட்டை எண்ணினால் மட்டும் போதாது. வருடத்துக்கு ஒரு தரமாவது கிளைக்குப் போய் மிச்சக் கணக்கை அச்சடித்து வாங்குங்கள். கேட்டால் தரத்தான் வேண்டும்.

வண்டியைத் தூக்க வருகிறவர்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். கூட்டம் தொடங்க முன்னமே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தவணை தவறினால் கம்பனிக்கு வண்டியைத் திருப்பி எடுக்க உரிமை உண்டு, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஆனால் அதற்கு ஒரு வழி உண்டு. தவறியதை எழுத்தில் அறிவித்து, அதைச் சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். நடுவீதியில் ஆளைத் தள்ளிவிட்டுச் சாவியைப் பறிப்பது அந்த வழியில் சேராது. யாராவது மறித்தால் அடிபடாதீர்கள், வண்டிக்கு முன்னால் படுக்கவும் வேண்டாம். கம்பனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் அவர்களுடைய அடையாள அட்டையையும் கேளுங்கள், போனில் படம் எடுங்கள். வண்டியில் இருந்த சாமான், டயர், பெட்டரி, மீட்டர் கணக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடித்தால், மிரட்டினால் அன்றைக்கே பக்கத்துப் பொலிசில் முறைப்பாடு. இது சிவில் விஷயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தவணை சிவில் விஷயம்தான், அடித்தது அல்ல.

பிறகு கடிதம். கதைத்ததை விட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள். எவ்வளவு நிலுவை, எவ்வளவு கட்டினால் திருப்பித் தருவீர்கள், எப்போது விற்கப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பலருக்குத் தெரியாத விஷயம், வண்டியை விற்ற பிறகும் கடன் முடியாது. விற்ற விலை நிலுவைக்குப் போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் பிணையாளியிடமும் கேட்பார்கள். அதனால் என்ன விலைக்கு விற்றார்கள் என்பது உங்களுடைய விஷயமும்தான். கம்பனி பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கிக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். நிதி நுகர்வோருக்கென்று அங்கே தனித் திணைக்களம் இருக்கிறது. 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்திருக்கின்றன. நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம், காசு இல்லை. எங்கள் அனுபவத்தில் 1935க்குப் பேசப்போகிறோம் என்று சொன்னவுடனேயே சில கிளைகளில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். எல்லாக் கிளைகளிலும் அல்ல.

பிணையாளி என்று சொன்னோமே, அதற்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் ஒரே லயத்தில் இருக்கிறவருக்குக் கையெழுத்து வைக்க முடியாது என்று சொல்வது கஷ்டம். எங்கள் ஊரில் பக்கத்து வளவுக்காரருக்குச் சொல்வதும் கஷ்டம். ஆனால் நீங்கள் கையெழுத்து வைத்த கடனும் கிரிப் என்கிற கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் தெரியும். 1990 இல் சட்டம் போட்டு அமைத்த நிறுவனம் அது, எல்லா வங்கியும் அதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கிறது. அவர் கட்டாமல் விட்டால், நாளைக்கு உங்கள் மகளுடைய படிப்புக்கு நீங்கள் கேட்கிற கடன் நின்றுபோகலாம். வண்டி அவருக்கு, பெயர் கெடுவது உங்களுக்கு. புத்தகத்தின் எந்த இடத்திலும் உங்கள் பெயர் இருக்காது என்பது வேறு.

கடைசித் தவணை கட்டின நாளைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டோம். இதில் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கட்டி முடித்துவிட்டு இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அன்றைக்கு வாங்க வேண்டியது கடன் முடிந்த கடிதம், அசல் புத்தகம், இரண்டாவது சாவி, அதோடு முழு உரிமையாளர் பெயரை நீக்கச் சொல்லித் திணைக்களத்துக்குக் கம்பனி எழுதுகிற கடிதம். புத்தகம் கையில் வந்தாலும் பெயர் தானாக அழியாது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்ப் பெயரை நீக்கிப் புதிய புத்தகம் எடுக்க வேண்டும். ‘விற்கும்போது பார்ப்போம்’ என்று அலுமாரியில் வைக்கிறவர்கள்தான் அதிகம். நாங்களும் வைத்திருந்தோம். பத்து வருடம் கழித்து விற்கப் போகிற நேரம் அந்தக் கம்பனி வேறொன்றோடு சேர்ந்திருக்கும், அல்லது கதவை மூடியிருக்கும். 2020 மே மாதத்தில் ‘தி பினான்ஸ் கம்பனி’யின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. காசு வைப்பிட்டவர்களின் கண்ணீரைத்தான் பத்திரிகைகள் எழுதின. மூடிய கம்பனியின் பெயர் புத்தகத்தில் நிற்கிறவர் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவார் என்று நாங்கள் அன்றைக்குத்தான் யோசித்தோம்.

இங்கே வந்திருக்கிற தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரை வீடுகளில் அலுமாரியோடு போன தாள்களுக்குக் கணக்கில்லை. கணவனையும் வண்டியையும் ஒரே நாளில் இழந்த ஒரு ராத்தாவோடு நாங்கள் கல்முனையில் லீசிங் கிளை கிளையாக ஏறி இறங்கினோம். எந்தக் கம்பனி என்று அவருக்குத் தெரியாது, காப்புறுதி எங்கே என்றும் தெரியாது. ‘அவர் சிவப்புப் பையில் வைப்பார்’ என்று மட்டும் தெரியும். உங்களுக்கும் 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது. எங்களுக்குக் கடல் செய்ததை உங்களுக்கு மலை செய்தது. வண்டியை ஓட்டுவது ஆம்பிளை என்றாலும் தாள் எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். புத்தகம், ஒப்பந்தம், காப்புறுதி, கடைசிப் பற்றுச்சீட்டு, இந்த நாலுக்கும் ஒரு கொப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டாலும் போதும்.

கூட்டத்துக்கு வரும்போது புத்தகக் கொப்பியையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவரச் சொல்லி உங்கள் தலைவர் அறிவித்திருந்தார். பதினேழு பேர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று இப்போது சொன்னார். தேத்தண்ணி முடிந்ததும் அந்த ஜன்னல் பக்க மேசைக்கு வாருங்கள். இரண்டாவது இடத்தில் என்ன பெயர் இருக்கிறது, லீசிங்கா கடனா, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஓப்பன் பேப்பரில் வாங்கியவர்கள் வெட்கப்படாமல் முதலில் வாருங்கள், உங்களுக்குத்தான் நேரம் கூட வேண்டும். எங்கள் வேன் நாலு மணிக்குப் புறப்படும். மழை வந்தால் கொஸ்லாந்தைக்குக் கீழே பனிமூட்டத்தில் ஓட்ட முடியாது என்று சாரதி இப்போதே கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.